கீரமங்கலத்தில் கேட்ட ஒரு பை உரம்

கீரமங்கலம் தாண்டுவதற்குள் கார் டயர் பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னி மாட்டும்வரை ரோட்டோரத்துப் பேரூராட்சி உரக்கொட்டகைக்குள் நுழைகிறேன். தொட்டிகளில் பழைய சோறும் கத்தரிக்காய்க் காம்பும் விற்காத பூவும் கலந்து ஆவி விடுகின்றன. புளித்த மாவு வாசனை.

சலித்த உரத்தைப் பையில் கட்டுகிற பெண்ணிடம் ஒரு பை கேட்கிறேன். மொட்டைமாடியில் என் கறிவேப்பிலைச் செடி கடை உரத்துக்குத் தேறவில்லை. நான் கேட்டு இல்லையென்று சொன்னவர்கள் குறைவு.

“விக்கிறது இல்லைங்கய்யா. சோறு, காய்த்தோல் போடுற வீட்டுக்குத்தான் திருப்பிக் குடுப்போம்.”

“ஆத்தா, நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். இன்னைக்குக் காரைக்குடியில மூணு மாடி வீடு. இது மாதிரி கொட்டகை பத்து கட்டுவேன்.”

“கட்டுங்கய்யா. அம்புட்டுப் பெரிய வீட்ல எம்புட்டுத் தோல் விழும்! அடுத்தவாட்டி ஒரு வாளி கொண்டாங்க, பை தாரேன்.”

பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவி போனபின் அடுப்பு பற்றவைப்பதில்லை. என் வீட்டில் விழுவது பார்சல் காகிதம் மட்டும்.

“பார்சல் சாப்பாடு ஆத்தா. ஒண்ணும் விழாது.”

அவள் கை நிற்கிறது. “வாழப்பழமாச்சும் உரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு அடுத்த பையைக் கட்டுகிறாள்.

கிளம்பியதும் காய்கறிக் கடையில் காரை நிறுத்தச் சொல்கிறேன்.

“யாருங்கய்யா சமைக்கிறது?” என்கிறான் டிரைவர்.

“நான்தான்.”

தோல் தடித்த வெங்காயமாகப் பார்த்துப் பொறுக்குகிறேன்.