கடல் திருப்பிக் குடுத்தது ஒருத்தரைத்தான்

ஃபாதர் என்னை சாட்சி சொல்லக் கூப்பிட்டப்பவே சொல்லிட்டேன். "ஃபாதர், எனக்கு நைசா பேச வராது. அதோட எனக்கு இன்னும் கோவம் தீரல. அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்"ன்னேன். அவர் சரின்னாரு. அதனால யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஆண்டவர் எனக்கு செஞ்சதை சொல்லத்தான் நிக்கிறேன். ஆனா முழுசா சொல்லுவேன்.

என் பேரு லூர்துமேரி. கல்மண்டபம் மார்க்கெட்டுல மீன் விக்கிறேன். உங்கள்ல பாதிப்பேரு என்கிட்ட பேரம் பேசினவங்கதான். என் வூட்டுக்காரர் செபஸ்தி காசிமேட்டுல இருந்து பைபர் போட்டுல தொழிலுக்குப் போறவரு.

போன வருஷம் ஆடி மாசம். ஒரே போட்டுல நாலு பேரு போனாங்க. போட்டுக்கு சொந்தக்காரன் குமாரு, அவன் தம்பி, என் வூட்டுக்காரர், அப்புறம் அமல். அமல் எங்க எதிர் வூட்டுப் பையன். அவனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகல. இதே கோயில்லதான் மந்திரிச்சு தாலி கட்டினாங்க. நீங்க எல்லாரும் பிரியாணி சாப்ட்டீங்க.

மறுநாள் மத்தியானம் குமாரையும் அவன் தம்பியையும் இன்னொரு போட்டு கரைக்கு கொண்டாந்து விட்டுச்சு. குமாருக்கு கை ஒடைஞ்சு தொங்குது. என்னைப் பார்த்ததும் தலையில அடிச்சுகினான்.

"விடியற நேரம்க்கா. வானம் ஒரே மப்பு, இருட்டு. மலை மாதிரி ஒரு கப்பல் வந்துச்சு. டார்ச்சு அடிச்சோம், கத்துனோம். போட்டை ரெண்டா ஒடைச்சுட்டு அதும்பாட்டுக்கு போயிகினே கீதுக்கா. திரும்பிக்கூட பாக்கல."

"அவரு எங்கடா?"

"அண்ணனும் அமலும் அந்தப் பக்கமா விழுந்தாங்க. ஐஸ் பொட்டியைப் புடிச்சுகினு இருந்ததைப் பாத்தேன். அப்பால அலையில காணோம்."

ஐஸ் பொட்டியைப் புடிச்சுகினு இருந்தாங்கன்னா உயிரோடதானே இருந்தாங்க? நான் அதை மட்டும்தான் காதுல வாங்கினேன்.

ஸ்டெல்லாவையும் இழுத்துகினு மீன்வளத்துறை ஆபீசுக்கு ஓடினேன். அங்க இருந்தவரு முதல் கேள்வியா இன்னா கேட்டாரு தெரியுமா? "கப்பல் போற வழியில உங்க ஆளுங்க எதுக்கும்மா போனாங்க?"

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. "கப்பல் போற வழியா? என் மாமனாரு வலை போட்ட எடம் சார் அது. அவரோட அப்பன் வலை போட்ட எடம். அங்க வந்து வழின்னு கோடு போட்டது நீங்க. இடிச்சுட்டு ஓடினவனை விட்டுட்டு, தண்ணியில தத்தளிக்கிறவனை கேள்வி கேக்கறீங்களா?"

"சத்தம் போடாதம்மா. தேடத்தான் போறாங்க"ன்னாரு.

தேடினாங்க. இல்லன்னு சொல்லமாட்டேன். மேலே ஒண்ணு பறந்துச்சு, கடல்ல ஒண்ணு போச்சு. நாங்க காசிமேட்டுலயே உக்காந்துகினு இருந்தோம். சோறு எறங்கல. ரெண்டு நாள்தான். அதுக்கப்புறம் ஒரு காலையில அதே ஆளு வந்து மெதுவான குரல்ல சொன்னாரு. "இத்தனை நேரம் தாங்க வாய்ப்பு இல்லம்மா. உடம்பு கரை ஒதுங்கினா தகவல் சொல்றோம்."

உடம்பு. அவருக்கு பேரு கீது. செபஸ்தி. அவனுக்கும் பேரு கீது. அமல். நேத்து வரைக்கும் மனுஷங்களா இருந்தவங்களை ஒரே காலையில உடம்பு ஆக்கிட்டாங்க.

வூட்டுக்கு வந்தா அங்க அதுக்கு மேல. ஜெபக்கூட்டத்து அக்காமாருங்க வந்து உக்காந்து இருக்காங்க. "ஆண்டவரோட சித்தம் மேரி, ஏத்துக்கோ"ன்னாங்க. எங்க தெருப் பையன் ஒருத்தன் வாசல்ல நின்னுகினு, "ஆன்ட்டி, அங்கிளோட நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்"னான். பாசத்துலதான் கேட்டான். நான் செருப்பைத் தூக்கினேன். ஓடிட்டான்.

அந்த அக்காமாருங்க இங்கயும் உக்காந்து இருக்கீங்க. உங்களை வெறுக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். அடுத்தவ வூட்டுல போயி சாவை ஆண்டவரோட சித்தம்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வாயை மூடிகினு உக்காருங்க. கப்பலை ஓட்டினது ஆண்டவர் இல்ல.

நேரா கோயிலுக்கு வந்தேன். மத்தியான வெயில். உள்ள ஒருத்தரும் இல்ல. எப்பவும் மாதாகிட்ட போவேன். அன்னிக்கு போகல. பீடத்துக்கு கீழ நின்னு சிலுவையை நிமிர்ந்து பார்த்தேன். முட்டி போடல. கையும் கூப்பல. இடுப்புல கையை வெச்சுகினு, மார்க்கெட்டுல சண்டைக்கு நிக்கிற மாதிரி நின்னேன்.

"இன்னாய்யா, தூங்கறியா? அன்னிக்கு புயல்ல படகுல தலகாணி வெச்சு தூங்கினவன்தானே நீ? கூட இருந்த சீடருங்க உலுக்கி எழுப்பினாங்களே, ஞாபகம் கீதா? இன்னிக்கு எழுப்ப அந்த ஐஸ் பொட்டியில ஆள் இல்ல. நான் எழுப்பறேன். எழுந்திரு. நீ தண்ணி மேல நடந்தவன்னு சின்ன வயசுல இருந்து பாடிகினு வரேன். நட. இப்ப நட. இல்லன்னா இனிமே அந்தப் பாட்டை பாடமாட்டேன்."

இதான் என் ஜெபம். ஜெபமாலை இல்ல, நேர்ச்சை இல்ல. கத்தினேன். கோயில் பூரா எதிரொலிச்சுது.

உங்களுக்கு ஏமாத்தமா இருக்கலாம். வெளிச்சம் எதுவும் வரல. குரல் கேக்கல. சிலுவை அசையல. ஆனா ஒண்ணு நடந்துச்சு. அழறதுக்குன்னு உள்ள போனவ நான். வெளியே வரும்போது அழுகை இல்ல. கோவம் மட்டும் இருந்துச்சு. அது தலைகால் புரியாத கோவம் இல்ல. போற எடம் தெரிஞ்ச கோவம். அதைக் குடுத்தது அவர்தான்னு இன்னிக்கு வரைக்கும் நம்பறேன்.

காசிமேட்டுக்கு போனேன். பொம்பளைங்க அங்கங்க மூலையில உக்காந்து ஒப்பாரி வெச்சுகினு இருந்தாங்க. "எழுந்திரிங்கடி. கூடையை எடுங்க. லாரி போற ரோட்டுக்கு போலாம்"னேன். ஒருத்திகூட ஏன்னு கேக்கல. ஸ்டெல்லா என் கையைப் புடிச்சுகினா.

துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரிங்க போற ரோடு உங்களுக்குத் தெரியும். நடுரோட்டுல கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்தோம். ஹாரன் சத்தம் காதைக் கிழிச்சுது. ஒரு லாரி டிரைவர் எறங்கி வந்து இந்தியில திட்டினாரு. எங்களோட வந்திருந்த குமாரு கட்டுப் போட்ட கையோட, தெரிஞ்ச இந்தியில விஷயத்தை சொன்னான். அந்த மனுஷன் லாரிக்குத் திரும்பிப் போயி இன்ஜினை நிறுத்திட்டு, தன்னோட தண்ணி கேனை கொண்டாந்து எங்க நடுவுல வெச்சாரு. அவரும் பக்கத்துல உக்காந்துட்டாரு. எந்த ஊரோ, எந்த சாமி கும்பிடறவரோ.

திருவொத்தியூர் தாண்டி வண்டிங்க நிக்குதுன்னு சொன்னாங்க. உடனே போலீஸ் வந்துச்சு. அதிகாரிங்க வந்தாங்க. கார் மேல கார் வந்துச்சு.

"எழுந்திரிங்கம்மா. பொதுமக்களுக்கு இடைஞ்சல்"னாரு ஒருத்தர்.

"சார், ரெண்டு மனுஷங்க கடல்ல கீறாங்கன்னு உங்க வாசல்ல கதறினோம். அப்ப யாரும் வரல. லாரி நின்னதும் ஓடி வரீங்க. லாரிக்குள்ள கீற சாமானுக்கு இருக்கிற மரியாதைகூட எங்க ஆளுங்களுக்கு இல்லியா?"

அப்பதான் அந்தக் கூட்டத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. மீன்வளத்துறை, சின்ன வயசு. சேலையை சொருகிகினு எங்களோட தரையில உக்காந்துச்சு. "சொல்லுங்க, இப்ப இன்னா செய்யணும்?"

குமாரு சொன்னான். "தண்ணி இப்ப வடக்கே இழுக்குது மேடம். பழவேற்காடு தாண்டி ஆந்திராப் பக்கம் போயிருப்பாங்க. அங்க தொழில் செய்யற போட்டுக்கெல்லாம் சேதி சொல்லுங்க."

"நானும் அதைத்தான் காலையில சொன்னேன். கேக்க ஆள் இல்ல"ன்னுச்சு அந்தப் பொண்ணு. அப்புறம் போனை எடுத்துச்சு. எங்க முன்னாடியே உக்காந்து, தெரிஞ்ச தெலுங்குல ஒவ்வொரு துறைமுகமா கூப்பிட்டு பேசுச்சு. இந்த தடவை பெரிய அதிகாரிங்களும் கம்முனு இல்ல, அவங்களும் பேசினாங்க. ரோடு அடைச்சு கெடந்ததே. சேதி வயர்லெஸ்ல வடக்கே போயிடுச்சுன்னு எங்களுக்கு உறுதியா தெரிஞ்ச அப்புறம்தான் கூடையைத் தூக்கினோம்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பொண்ணுதான் போன் பண்ணுச்சு. அழுதுகினே பேசுச்சு. "அக்கா, ஒருத்தர் கிடைச்சுட்டாரு. உயிரோட கீறாரு."

ஒருத்தர். அந்த வார்த்தை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து விழுந்துச்சு. நானும் ஸ்டெல்லாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். யாரு? ஸ்டெல்லாதான் போனை வாங்கி கேட்டா.

என் வூட்டுக்காரர்.

நெல்லூர் ஆஸ்பத்திரிக்கு போனேன். ஒதடு வெடிச்சு, தோலு உரிஞ்சு, ஆளே அடையாளம் தெரியல. அவரைக் கடல்ல இருந்து தூக்கின தெலுங்குப் போட்டுக்காரர் பக்கத்துலயே இருந்தாரு, கொஞ்சம் தமிழ் தெரிஞ்சவரு. "கடல்ல டப்பா, தெர்மாகோல் எவ்வளவோ மெதக்கும்மா. குப்பைன்னு போயிடுவோம். வயர்லெஸ்ல சேதி வந்ததாலதான் திரும்பிப் போயி இன்னொரு தடவை பார்த்தோம்"னாரு. நான் அவர் காலைத் தொட்டேன். அவர் பதறிட்டாரு.

ஆண்டவர் எழுந்துட்டாருன்னு எனக்கு அப்ப புரிஞ்சுது. கடல் மேல நடந்து வரல. ரோட்டுல உக்காந்தவங்களோட உக்காந்து, தெலுங்கு பேசிகினு வந்தாரு.

ஆனா என் வூட்டுக்காரர் கண்ணைத் தொறந்ததும் சொன்னது, "மேரி, அமலை விட்டுட்டேன்."

ரெண்டு பேரும் ஒரே பொட்டியைப் புடிச்சுகினு இருந்தாங்களாம். அமல் கையை இவர் தன் லுங்கியால பொட்டியோட கட்டியிருக்காரு. பையன் தாகம் தாங்காம உப்புத் தண்ணியைக் குடிச்சுட்டான். பித்து புடிச்ச மாதிரி பேச ஆரம்பிச்சுட்டான். "அண்ணே, வூடு வந்துடுச்சு. ஸ்டெல்லா நிக்கிறா. நான் எறங்கிக்கிறேன்"னு சொல்லி முடிச்சை அவுத்துகினு எறங்கிட்டான். இவருக்கு புடிக்க தெம்பு இல்ல. அன்னிக்கு சாயங்காலம் மழை பெஞ்சுதாம். வாயைத் தொறந்து குடிச்சுதான் இவர் பொழைச்சாரு. அந்த மழை கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா? அந்த சேதி முதல் நாளே வடக்கே போயிருக்கக்கூடாதா? நாங்க ரோட்டுல உக்காந்துகினு இருந்த அதே மத்தியானம்தான் அமல் போயிருக்கான்.

ஊருக்கு வந்ததும் நன்றிப் பூசை வெக்கச் சொன்னாங்க. ஸ்டெல்லா வூட்டுக்கு போனேன். அவ சுவத்தைப் பார்த்து படுத்துகினு இருந்தா.

"அக்கா, நானும் உன் பக்கத்துலதானே ரோட்டுல உக்காந்தேன்? உன் ஜெபத்தை மட்டும் எப்படி கேட்டாரு?"

நான் இன்னா சொல்லுவேன்? என் விசுவாசம் பெருசு, அவளோடது சின்னதுன்னா? அப்படி எவனாவது சொன்னா அவனை சும்மா விடமாட்டேன். ஃபாதர்கிட்ட போயி கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா"ன்னாரு. அன்னிக்குத்தான் எனக்கு அவர் மேல மெய்யாலுமே மரியாதை வந்துச்சு.

நன்றிப் பூசை வெச்சேன். அமல் பேரையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன்.

இப்ப என் வூட்டுக்காரர் மறுபடி தொழிலுக்குப் போறாரு. கொஞ்ச மாசம் கடல் பக்கமே போகல. ஒருநாள் அவரே, குமாரு புதுசா வாங்கின போட்டுல ஏறி உக்காந்தாரு. நான் தடுக்கல. எங்களுக்கு சோறு போட வேற எடம் இல்ல. கடல்கிட்ட எனக்கு சண்டை இல்ல. அது அமலைக் கொல்லல. இடிச்சவன் கொன்னான், தேடாதவன் கொன்னான்.

அமலோட இறப்பு சர்டிபிகேட்டுக்கு ஸ்டெல்லா அலைஞ்சுகினு கீறா. உடம்பு கிடைக்கல, அதனால செத்தான்னு எழுதிக் குடுக்கமாட்டாங்களாம். வருஷக்கணக்கா காத்திருக்கணுமாம். அன்னிக்கு உயிரோட இருந்தப்போ உடம்புன்னு சொன்னவங்க, இன்னிக்கு உடம்பு இல்லாததால சாகலன்றாங்க. எந்தக் கப்பல்னும் இது வரைக்கும் யாரும் வாய் தொறக்கல. நான் மீன் வித்து முடிச்சதும் அவளோட போறேன். முன்ன ஒரு போலீஸைப் பார்த்தா தெரு மாறிப் போறவ நான். இப்ப எந்த மேசைக்கு முன்னாடியும் நிப்பேன். ஆண்டவர் என்னை மாத்தினது இதுலதான்.

உங்களுக்கு கஷ்டம் வந்தா அவர்கிட்ட போங்க. நல்ல வார்த்தை தேடிகினு நிக்காதீங்க. கோவம் வந்தா கோவத்தோட போங்க. அவர் தாங்குவாரு. அவரை விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிகினு மட்டும் போயிடாதீங்க. நான் கத்தினதைக் கேட்டவரு நீங்க கத்தினாலும் கேப்பாரு.

ஆண்டவரே, என் வூட்டுக்காரரைத் திருப்பிக் குடுத்தே. சாகற வரைக்கும் நன்றி சொல்லுவேன். அமலை இன்னா செஞ்சேன்னும் சாகற வரைக்கும் கேப்பேன். ரெண்டையும் நீதான் கேட்டாவணும்.

வர திங்கக்கிழமை காலையில ஸ்டெல்லாவும் நானும் அமலுக்காகக் கேக்க மறுபடி அந்த ஆபீசுக்கு போறோம். இந்த சாட்சியைக் கேட்டு கண்ணைத் தொடைச்சுகினு வூட்டுக்கு போயிடாதீங்க. எங்களோட வாங்க. ஆமென்.