பெட்டிக்குள் இல்லாத வசனம்

போன மாதம் மாத்தளைத் தபாற்கந்தோரில் எனக்கு ஒரு சின்ன அவமானம் நேர்ந்தது.

வெளிநாட்டுப் பார்சல் என்றால் இப்போதெல்லாம் ஆளை வரவழைத்து, கண்முன்னாலேயே வெட்டித் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். யுத்த காலம், குறை சொல்ல முடியாது. கனடாவில் இருக்கும் என் சித்தி மகள் அனுப்பிய பார்சல் அது. பொலிஸ்காரர் பிளேடால் கீறினார். உள்ளே தடித்த அட்டையில் இன்னொரு பெட்டி. அதற்குள் வரிசையாக டிவிடிகள்.

"என்ன படம் மிஸ் இது?"

"பிரெஞ்சுப் படம்."

அவ்வளவுதான். கவுண்டருக்குப் பின்னால் முத்திரை குத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் தொண்டையைச் செருமினார். பொலிஸ்காரர் என் நரைத்த தலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார். பிரெஞ்சுப் படம் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தானே!

நல்லவேளை, அட்டைப் படத்தில் இருந்தது மழைக்கோட்டு போட்ட ஒரு கிழவி. அவள் புண்ணியத்தில் தப்பினேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கண்டியில். இளவயதில் பிரெஞ்சு படிக்கிறேன் பேர்வழி என்று மாலை வகுப்புக்குப் போனேன். பிரெஞ்சு வரவில்லை. ஆனால் ஒருநாள் வகுப்பறைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் போட்டார்கள். இயக்குநர் பெயரைச் சொல்ல மாட்டேன் — தெரிந்தவர்கள் 'ஓ, அவரா!' என்று உதட்டைப் பிதுக்குவீர்கள், தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அவர் படத்தில் யாரும் ஓட மாட்டார்கள், சுட மாட்டார்கள். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பாள். நாமும் பார்த்துக்கொண்டே இருப்போம். படம் முடிந்த பிறகும் எழுந்து போக மனம் வராது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து அந்த மனிதரின் படங்கள் அத்தனையும் வேண்டும் என்று ஒரு வெறி. மாத்தளையில் இருந்துகொண்டு இப்படி ஒரு ஆசை! வீடியோக் கடையில் கேட்டால் பையன்கள் என்னைப் பார்த்த பார்வையும் அந்தப் பொலிஸ்காரர் பார்வைதான்.

வழி காட்டியவர் ஃபாரூக் நானா.

ஃபாரூக் நானா எங்கள் தெருக்காரர்; முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். சீகிரியாக் குன்றுக்கும் தம்புள்ளைக்கும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகும் கைட். பள்ளியில் படிக்காமல், வந்தவர்களிடம் பேசிப் பேசியே பிரெஞ்சு பிடித்தவர். ஆரம்பத்தில் நம் ஊர் ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் வேலை. மொட்டைத் தலை வெள்ளைக்காரர் வந்தால், இந்தச் சிவப்பு எண்ணெய் பூசினால் முடி வளரும் என்பார். தலை நிறைய முடியோடு வந்தால், அதே எண்ணெய் மூட்டுவலிக்கு! இதென்ன அநியாயம் என்று ஒருநாள் கேட்டேன்.

"கைட்னா அப்புடித்தான் தங்கச்சி. வந்தவங்கட மொகத்தப் பாத்துத்தான் கத செல்லணும். கல்லப் பாத்துச் செல்ல ஏலுமா?"

எனக்கு எரிச்சல். ஏனென்றால் என் தொழில் நேர் எதிர். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் உள்ளதைத் தமிழில், தமிழில் உள்ளதைச் சிங்களத்தில். ஒரு சொல் கூடக் கூடாது, குறையவும் கூடாது. கீழே 'சரியான மொழிபெயர்ப்பு' என்று கையெழுத்து, அதற்கு மேல் முத்திரை.

அவருடைய காணி உறுதிப் பத்திரத்தை ஒருமுறை தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். அந்த நன்றிக்கு அவர் செய்த உபகாரம்தான் டிவிடிப் பெட்டிகள். சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது, சீகிரியாவில் பயணிகள் நிரம்பி வழிந்தார்கள். ஒரு பிரெஞ்சு அம்மாள் குன்றில் பாதி ஏறி, கீழே பார்த்துவிட்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். நானா கதை சொல்லிச் சொல்லியே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த முறை வரும்போது உனக்கு என்ன கொண்டுவர என்று கேட்டிருக்கிறார் அம்மாள். மற்ற கைட்மார் சென்ட் போத்தல் கேட்பார்கள். இவர் என் இயக்குநர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

வந்தது முதல் பெட்டி. சாம்பல் நிறம். கையில் வாங்கியபோது பிள்ளையை வாங்குவது போல வாங்கினேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால்... பேச்சு பிரெஞ்சு. சரி, சப்டைட்டில் இருக்குமே? இருந்தது. அதுவும் பிரெஞ்சு! பிரான்சில் விற்கிற பெட்டி, பிரான்சில் உள்ள காது கேளாதவர்களுக்காகப் போட்ட எழுத்து. இங்கிலீஷ் மருந்துக்கும் இல்லை. வாங்கிக் கொடுத்தவருக்கும் தெரியாது, கேட்டு வாங்கிய எங்களுக்கும் தோன்றவில்லை.

"அதுக்கென்ன, நான் ஈக்கிறேன் தானே," என்றார் நானா.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானா வருவார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, எங்கள் பக்கம் முகம் வைத்து உட்காருவார். ரிமோட் அவர் கையில். ஓட விடுவார், நிறுத்துவார், சொல்லுவார். எனக்கும், என் அக்காவுக்கும்.

அக்கா என்றால் சரோ அக்கா. எல்கடுவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவள். அத்தான் போனபின் என்னோடு வந்துவிட்டாள். ஒரே மகன் ரவி, கொழும்பில் புடவைக் கடையில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு வருவான். வந்தால் அவனும் எங்களோடு உட்காருவான், பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவான்.

அக்காவுக்குப் பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லாமல் செய்தார் நானா. சந்தை வந்தால், "இது நம்மட கலேவெல மாதிரி ஊரு" என்பார். மாதா ஊர்வலம் வந்தால், "வஹகோட்டப் பெருநாள்னு வெச்சுக்கங்க" என்பார். ஆனால் சாவு வந்தால் சாவென்றே சொல்வார். ஒரு படத்தில் ஒரு சின்னப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். அக்கா அழுதுவிட்டு, "இனி இப்படிப் படம் கொண்டாராதீங்க நானா" என்று சண்டை பிடித்தாள். அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்கார்ந்ததும் அவள்தான்.

இரண்டாவது பெட்டியும் வந்தது. நீலம். எனக்கோ மூன்றாவதன் மேல் கண். சேர்க்கிறவர்கள் புத்தியே அதுதானே? இருப்பது கண்ணில் படாது.

பிறகு சமாதானம் முறிந்தது. பயணிகள் குறைந்தார்கள். வருகிறேன் என்று சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கடையில் கேட்டோம், அறையில் கேட்டோம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கேட்டோம். சனிக்கிழமை பின்னேரம் கடையிலிருந்து இறங்கியவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பொலிஸில் முறைப்பாடு சிங்களத்தில்தான் எழுத வேண்டும். எழுதியது நான்தான், வேறு யார்? "புள்ள இன்னும் வீட்டுக்கு வரல" என்றாள் அக்கா. அப்படி எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்றார் முறைப்பாடு எடுக்க உட்கார்ந்திருந்த பொலிஸ்காரர். 'காணாமற்போயுள்ளார்' என்று எழுதினேன். முறைப்படி அதுதான் சொல். வாசித்துக் காட்டச் சொன்னாள் அக்கா. தமிழில் வாசித்தேன். "நான் அப்படிச் சொல்லலியே..." என்றாள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் மூன்றாவது பெட்டி வந்தது. சிவப்பு. நானாவுக்கு அகப்பட்ட கடைசிப் பயணிகள் கொண்டுவந்தது. எனக்குப் பார்க்க மனமில்லை. "அக்காவுக்கு ரெண்டு மணித்தியாலம் வேற நெனப்பு ஈக்கட்டுமே" என்று நானாதான் வற்புறுத்தினார்.

அதில் ஒரு படம். மகன் சண்டைக்குப் போயிருக்கிறான். தாய் தினமும் மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். கடைசிக் காட்சியில் அந்தத் தட்டை எடுத்து, துடைத்து, அலுமாரிக்குள் வைத்து மூடுகிறாள். ஏதோ ஒரு வரி சொல்கிறாள். படம் முடிகிறது.

நானா ரிமோட்டை அமுக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"எம் புள்ள நாளைக்கி வருவான், அதுவரைக்கும் இந்தத் தட்டு தூசி படாம ஈக்கட்டும் — அப்புடீன்டு செல்றா, அக்கா."

மறுநாள் ரவியின் நீலக்கரைப் பீங்கான் தட்டு சமையலறையிலிருந்து அலுமாரிக்குப் போயிருந்தது. அதன்பிறகு ஞாயிறுதோறும் எடுத்துத் துடைத்து, திரும்ப வைப்பாள். சாப்பிடத் தொடங்கினாள். தூங்கத் தொடங்கினாள்.

நானா கட்டாருக்குப் போய்விட்டார். சீகிரியாவில் ஆள் இல்லை, கைட் என்ன செய்வார்? அங்கே ஒரு ஹோட்டலுக்குத் துணி மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறார்.

இப்போது தபாற்கந்தோரில் கீறப்பட்ட அந்தப் பெட்டிக்கு வருகிறேன். எல்லாப் படமும் ஒரே பெட்டியில். இங்கிலீஷ் சப்டைட்டிலோடு! அக்கா அம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் தனியாகப் போட்டேன். முதலில் அந்தத் தட்டுப் படம். தாய் அலுமாரியை மூடினாள். கீழே எழுத்து வந்தது.

'இனி இது தேவைப்படாது.'

திரும்பத் திரும்பப் போட்டேன். எழுத்து மாறவில்லை. பிறகு ஒரு வெறியோடு மற்றப் படங்களையும் பார்த்தேன். சாம்பல் பெட்டியிலும் நீலப் பெட்டியிலும் இருந்தவற்றை நானா ஏறக்குறைய உள்ளபடிதான் சொல்லியிருக்கிறார். சிவப்புப் பெட்டியில்தான்... ஆற்றில் விழுந்தவன் நீந்திக் கரையேறிவிட்டதாக ஊரார் பேசிக்கொள்கிறார்கள் என்றார். எழுத்தில் அவன் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிழவர் வீடு திரும்பினார் என்றார். எழுத்தின்படி திரும்பியது அவருடைய தொப்பி மட்டும். ரவி போனபிறகு ஃபாரூக் நானாவின் வாயில் ஒருவர்கூடச் சாகவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஃபோன் எடுத்தேன். திட்டத்தான் எடுத்தேன்.

"என்ன நானா இப்படிச் செஞ்சிட்டீங்க?"

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அந்த மொகத்தப் பாத்து நான் வேறென்னத்தச் செல்ல தங்கச்சி? நீங்களே செல்லுங்க." பிறகு மெல்லச் சிரித்தார். "இங்க யாருக்கும் கத வாணாம். துணி மூட்டைக்கி என்ன கத செல்ற?"

திட்டாமலே ஃபோனை வைத்தேன். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆனால் அக்கா விடுவாளா? புதுப் பெட்டியை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "இதுல இங்கிலீஷ் எழுத்து இருக்காமே. அந்தத் தட்டுப் படத்தைப் போடு. நானாவுக்குப் பதிலா நீ சொல்லு."

கரண்ட் சரியில்லை என்றேன். பிளேயர் இழுக்கிறது என்றேன். எத்தனை நாளைக்கு? நேற்றைக்கு முந்தின ஞாயிறு நானாவின் கதிரையைத் தானே தூக்கி டிவிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

சொன்னேன். ஒவ்வொரு வரியாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல். கடைசிக் காட்சி வந்தது. துடைத்தாள், வைத்தாள், மூடினாள். எழுத்து வந்து போய்விட்டது.

"என்னடி சொல்றா?"

இத்தனை வருஷத் தொழில் பழக்கம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"நாளைக்கு வருவான்னு சொல்றாக்கா. தட்டு தூசி படாம இருக்கட்டுமாம்."

அக்கா டிவியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா சொல்றப்ப நம்புற மாதிரி இருந்துச்சு," என்றாள்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். அன்றைக்கு அலுமாரியைத் திறக்கவில்லை. நேற்றும் ஞாயிறு. நேற்றும் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வருத்தமாக இருக்கிறது. மூன்று பெட்டியோடு நிறுத்தியிருக்கலாம். சேர்க்கிற ஆசை யாரை விட்டது? முழுமையான பெட்டி, சரியான எழுத்து, எல்லாம் இப்போது என்னிடம் இருக்கிறது. நானா சொன்ன அந்த ஒரு வசனத்தைத் தவிர. ஊருக்கெல்லாம் சொன்னதைச் சொன்னபடி சொல்லிப் பழகிய வாய், சொந்த அக்காவுக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல உதவவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கட்டாருக்கு ஃபோன் எடுக்கப் போகிறேன். ஃபோனை அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அவர் என்ன சொன்னாலும் சரி... நான் திருத்தப் போவதில்லை.