அக்காவுக்குத் துருவம் காட்டிய கதை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை வாசித்து நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். மேலே மலை வெடித்திருக்கிறது, லயத்து வீடுகளைக் காலி பண்ணுங்கள் என்று மண்சரிவு பார்க்க வந்த அலுவலர்கள் சொல்லி, தோட்டத்துத் துரை சொல்லி, கோயில் பூசாரியும் சொல்லி அசையாதவள் என் அக்கா. அவளைத் தென்துருவத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைக் காட்டி அசைத்துவிடலாம் என்று நம்பியவன் நான். இதில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற உத்தியோகம் வேறு.

அக்கா இருப்பது ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில். நான் பதுளை டவுனில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். காம்பராவுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, அதற்கு மேலே தேயிலை, தேயிலைக்கு நடுவே அந்த வெடிப்பு. முதலில் விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. பிறகு கால் நுழையும் அளவுக்கு வந்தது. பார்க்கப் போன இடத்தில் ஒரு செருப்பை அதற்குள் விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மலை சரிந்து சனத்தோடு மண்ணுக்குள் போன பிறகு எங்கள் பக்கத்தில் மழை வெறும் மழையாகப் பெய்வதில்லை. ஐப்பசி பிறந்தால் எச்சரிக்கை வரும். லயத்துச் சனம் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கும். எனக்கு மச்சானிடமிருந்து போன் வரும்: "மாப்ள, ஒங்க அக்கா வரமாட்டேங்குது." நான் பஸ் பிடித்து, நனைந்து, மேடு ஏறி, கெஞ்சி, அவளைக் கூட்டி வந்து மண்டபத்து வாங்குப் பலகைகளுக்கு நடுவில் படுக்க வைப்பேன். விடியும்போது அவளுடைய பாய் காலியாக இருக்கும். பால் கறக்கப் போயிருப்பாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மலை நின்றாலும் சரிந்தாலும் பெரட்டு உண்டு. மறுபடி மழை, மறுபடி பாய். இப்படியே போய்ப் போய்ப் பயத்துக்கே அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் ஒருவர் முகத்திலும் பயம் இருக்காது. கொட்டாவிதான் இருக்கும்.

அக்காவுக்குப் புது வீடு இல்லாமல் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு பேர்ச் துண்டு நிலத்தில் அரசாங்கம் கட்டி முடித்துச் சாவியும் கொடுத்துவிட்டது. அந்தச் சாவி காம்பராச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமை முருகனுக்கு வைக்கும் பொட்டு சாவிக்கும் கிடைத்தது. பூட்டைத் திறக்கிற பேச்சு மட்டும் இல்லை.

காரணம் பசு. ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சுவது கொடிக்கயிறு கட்டும் இடம். அங்கே மாடு கட்டக் கூடாது என்பதும் பேச்சு. அக்காவின் மகள் பதுளையில் தங்கிப் படிப்பது அந்தப் பாலில்தான். கொழுந்து பறிக்கிற சம்பளம் கடைக்குச் சரியாகப் போய்விடும்.

"நாங்க மூணு பேரும் நின்னுக்கிட்டாவது இருப்போம். அது எங்கடா நிக்கும்?" என்பாள் அக்கா. இதற்குப் பதில் யாரிடமும் இல்லை. பதில் இல்லாதவர்கள் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். படம் காட்டினேன்.

அந்தப் படத்தை எங்கள் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் பென் டிரைவில் போட்டுத் தந்தார். எடுத்தவர் ஒரு கிறுக்கு மனிதர். மஞ்சள் சால்வையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு துருவம் போயிருக்கிறார். அங்கே பனியைத் துளைத்து ஆராய்கிறவர்கள், காற்றை அளப்பவர்கள், ரொட்டி சுடுகிறவர், எல்லாரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? பெரிய பெரிய விஞ்ஞானிகள் அந்தக் கேள்வியில் கண் கலங்கிப்போகிறார்கள். நடுநடுவே அவரே பனிமேல் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்கிறார். கேட்டது என்ன என்று கடைசி வரை சொல்வதில்லை.

என்னைப் பிடித்தது வேறு இடம். அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம் உயரமான இரும்புக் கால்களில் நிற்கிறது. பனித்தரையில் ஒரு வெடிப்பு வருகிறது. வருடம் வருடமாக அளக்கிறார்கள். ஒருநாள் போதும் என்று முடிவு செய்து, நிலையத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, டிராக்டரில் கட்டி, இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்துகிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைவிட அக்காவுக்கு எவனால் புத்தி சொல்ல முடியும்!

ஞாயிற்றுக்கிழமை பகல். வெளியே மழை. லயத்துக் காம்பரா பகலிலும் இருட்டுத்தான், படம் காட்டத் தோதான கட்டடம். அதிபரிடம் கேட்டு வாங்கிய புரொஜெக்டரைச் சாக்கு மூட்டைமேல் வைத்தேன். சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றினேன். முருகன் மேல் கை வைத்ததும், "டேய், சாமியத் தொடாத!" என்றாள் அக்கா. ஆகவே தென்துருவத்தின் வலது மூலையில் முருகன் வேலோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் சாவி.

பார்வையாளர்கள் அக்கா, மச்சான், பக்கத்துக் காம்பரா அத்தை. தமிழ் தெரியாத படத்துக்குத் தெரிந்தவன் ஒருவன் நின்று சொல்வது எங்கள் லயத்து வழக்கம். சின்ன வயதிலிருந்தே சிங்களப் படத்துக்கும் இங்கிலீஷ் படத்துக்கும் நான்தான் நின்றேன். சண்டைக் காட்சியில் சத்தமும் நானே போடுவேன்.

காலையில் விஞ்ஞானிகள் ஒரு கூடத்தில் கூடி நிற்க, ஒருவர் தாளைப் பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் காட்சி வந்தது.

"அட, அங்கயும் பெரட்டா?" என்றார் அத்தை.

"கங்காணியப் பாரேன், கம்பளிய ரெண்டா போட்டிருக்கான்," என்றார் மச்சான்.

பிறகு ஒரு பெண் தினமும் விழுந்த பனியைக் கோலால் அளப்பதைக் காட்டினார்கள். லயத்து வாசலில் வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மச்சானுடையது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அப்ப நானும் விஞ்ஞானிதானே?"

"அந்தம்மா அளக்குறதோட சரி. நீங்க அளந்துட்டு அதுலயே மூஞ்சி கழுவுறீங்க," என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். சூடு ஏறியிருக்கிறது, இதுதான் நேரம் என்று நினைத்தேன். வெடிப்பு வந்தது. மஞ்சள் சால்வைக்காரர் ஒரு தாடிக்கார விஞ்ஞானியிடம் இந்த இடத்தை விட்டுப்போக வருத்தமா என்று கேட்கிறார். அவர், "கொஞ்சம்," என்கிறார். அவ்வளவுதான். நான் ஆரம்பித்தேன்:

"அவர் என்ன சொல்றாருன்னா, மண்ணு வெடிச்சா மனுசன் பிடிவாதம் பிடிக்கக் கூடாது, பெரியவங்க சொன்னா கேக்கணும், கூடப் பொறந்தவன் மழையில நனஞ்சுக்கிட்டு எத்தன வாட்டிதான் வருவான், உசுருதான் பெருசு, சாமான் சட்டு அப்பறம்..."

"நிப்பாட்டு," என்றாள் அக்கா. நிறுத்தினேன். "பின்னால போ." பின்னால் போனேன். தாடிக்காரர் மறுபடியும் "கொஞ்சம்" என்றார்.

"அந்தாளு வாயத் தொறந்து மூடுறதுக்குள்ள இம்புட்டும் சொல்லிட்டானா?"

"அது வந்து, இங்கிலீசு சுருக்கமான பாஷ அக்கா..."

"கூடப் பொறந்தவன் மழையில நனையுறது அவனுக்கு எப்புடிடா தெரியும்?"

மச்சான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அத்தைக்கு இருமல் வந்தது. நான் முருகனைப் பார்த்தேன். அவர் பனியில் சும்மா நின்றார்.

அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிராக்டர் அந்தக் கட்டடத்தை இழுத்துப் போவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். நாள் முழுதும் கொழுந்து கூடை சுமந்துவிட்டு நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது அவளுக்கு ஒரு முகம் இருக்கும். அந்த முகம்தான் அப்போதும்.

"போற எடத்துல என்னா இருக்கு?"

"ஐஸ்தான்."

"இருந்த எடத்துல?"

"அதுவும் ஐஸ்தான்."

"அப்ப அவங்களுக்கென்ன, போவாங்க," என்றாள். "அங்க புல்லு திங்கிறது எதுவும் இல்லையே."

கொட்டகைப் பக்கம் பசு கத்தியது. அக்கா எழுந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனாள். படம் தன்பாட்டுக்கு ஓடியது. மஞ்சள் சால்வைக்காரர் பனியில் காது வைத்துப் படுத்திருந்தார்.

"அந்தாளுக்கு என்னாதான் கேக்குது?" என்றார் மச்சான். அவருடைய குரலில் விளையாட்டு இல்லை. மேலே இருக்கும் வெடிப்புப் பக்கம் அவர் காது போயிருந்தது என்று நினைக்கிறேன்.

நான் புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகும் இரண்டு எச்சரிக்கை வந்தது. இரண்டு தடவையும் போனேன். புத்தி சொல்லத் தெம்பில்லை. அவளும் எதிர்ப் பேச்சுப் பேசவில்லை. மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தோம். இரண்டாவது தடவை கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் மண் இறங்கியிருந்தது. அவள் மண்வெட்டியால் வழித்துக் கொட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவளே போன் எடுத்தாள். "ஞாயித்துக்கெழம ஒரு சின்ன லொறி பிடிச்சுக்கிட்டு வா. வீடு மாறணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரிடம் ஓடிப்போய், "அரசாங்கம் முடியாதுன்னு கைவிட்டத நம்ம படம் முடிச்சிருச்சு சேர்," என்றேன். அன்றைக்கு எல்லா வகுப்பிலும் துருவத்தைப் பற்றியே பாடம் எடுத்தேன். பிள்ளைகள் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை லொறி லயத்து முனை வரைதான் போனது. சாமான்கள் ஏற்கெனவே அங்கே வந்து காத்திருந்தன: தகரப்பெட்டி, அம்மி, கட்டில், பானைகள். மச்சான் கட்டிலை லொறியோடு சேர்த்து மாட்டுக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பகிடியும் விடவில்லை. ஏற்றிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அக்கா முன் சீட்டில், முருகன் படம் மடியில், சாவி கையில்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"பாத்தியாக்கா, கடைசியில இந்த வாத்தியார் காட்டுன படம்தானே வேல செஞ்சுச்சு! சரி, மாட்ட எப்ப ஓட்டிக்கிட்டு வர்றது? எடமில்லாட்டி என்ன, அந்தக் கட்டடத்துக்குப் போட்ட மாதிரி இரும்புக் கால் போட்டு, மேல வீடு, கீழ கொட்டகன்னு கட்டிப்புடுவோம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வித்தாச்சு, ஏறு."