மழைக்கு ஜன்னலைச் சாத்தியவர்

போன வாரம் அருப்புக்கோட்டையில் மழை. நல்ல மழை! தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அவரா இப்படி? நரிக்குடிப் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர். மேகம் கறுத்தாலே ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, மூச்சை இழுத்து இழுத்து மண்வாசம் பிடிப்பார். நான் போடும் காபிக்கு ஒருநாளாவது அந்த முகம் அப்படி மலர்ந்திருக்குமா?

அப்புறம்தான் வினை. ஐப்பசி பிறந்தால் இளைப்பும் பிறந்துவிடும். போன வருஷம் பேச்சே வராமல் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மாட்டிக் கிடந்தார். நான் பயந்தே போனேன்.

பழி யார் மேல்? பக்கத்து வீட்டு விசைத்தறி மேல்! பஞ்சுத் தூசிதான் காரணம் என்று சண்டைக்கே போய்விட்டார். தறிக்கார அண்ணாச்சி தங்கமான மனுஷர். தூசி வராமலிருக்க, எங்கள் பக்கம் பார்த்த தன் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுத் தினமும் நனைத்தார். இளைப்பு குறைந்ததா? ம்ஹூம்... கூடியது.

இந்த வருஷம் புது டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சித்திரையில தறி ஓடாதா?" என்றார்.

ஓடுமே! வருஷம் முழுக்க ஓடுமே! அப்படியென்றால் ஏன் மழைக்கு மட்டும் இளைக்கிறது?

ஈரம் பட்டால் சருகு, சுவர், குப்பை என்று எல்லாவற்றிலும் பூசணம் பிடிக்குமாம். அதன் தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பறக்குமாம். இவருக்கு அதுதான் ஆகவில்லையாம். மழை நாளில் ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாக்கைத் திருப்பிப் பார்த்தேன் — கறுகறுவென்று பூசணம்!

அண்ணாச்சி சங்கடப்பட்டுக் கழற்றினார். இவர் அவரைவிடச் சங்கடப்பட்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் மழையைக் குற்றம் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. "வருஷம் பூரா வா வான்னு கூப்பிட்டுட்டு, வந்தன்னைக்குக் கதவைச் சாத்துறதா?" என்று முனகினார். மழைக்கு ஏங்கியே பழகிய எங்கள் ஊர்க்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்கு என்னால் வர முடியாது என்று கறாராகச் சொன்னேன். அதற்குத்தான் பணிந்தார்.

போன வாரம் அந்த மழையன்றைக்கு நான் வாசலில் நிற்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம். பாவமாக இருந்தது. மெதுவாகத் தட்டிக் கூப்பிட்டார்.

"இந்தா... எனக்கும் சேத்து மோந்துட்டு வா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மூச்சை நன்றாக இழுத்தேன்.

வந்தது பாருங்கள்... அடுக்கடுக்காகத் தும்மல்!