கடைசி வயலும் ஒரு பிரெஞ்சுப் படமும்

போன சனிக்கிழமை எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு பிரெஞ்சுப் படம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்று, படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஐம்பது வயதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தலைகீழாகும் கதை. விருதெல்லாம் வாங்கியதாம். எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் அந்த வயதுக்காரர். பார்த்தால் மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்று நம்பித்தான் தேர்ந்தெடுத்தேன்.

படத்தில் கணவன் பெட்டியோடு போய்விடுகிறான். அவள் ஜன்னலருகே நிற்கிறாள்... நிற்கிறாள்... நின்றுகொண்டே இருக்கிறாள். ஆங்கில சப்டைட்டிலைத் தமிழில் சொல்லுவது என் பொறுப்பு. மடியில் மகள் வேறு.

"அவா என்ன பிள்ளை சொல்லுறா?"

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

"இப்ப?"

"இப்பவும் இல்லை."

கேட்டவர் பவளக்கா. வட்டக்கச்சியில் எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் பயிர் செய்கிறார். மழையில்லாத இந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் மேல் வயல்களில் தொடங்கி முறை முறையாக இறங்கி வருவதற்குள் வாய்க்கால் வற்றிவிடுகிறது. அவருடைய நெல் வாடி மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு வரச்சொல்லி மகன் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறான். "இந்தப் போகமும் எரிஞ்சுதெண்டால் போகத்தான் வேணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகி குளியல் தொட்டியின் பைப்பைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து அழுகிறாள். தொட்டி நிரம்பி வழிகிறது. அவள் அசையவே இல்லை.

மண்டபம் சலசலத்தது.

"பைப்பைப் பூட்டிப்போட்டு அழலாந்தானே?" என்றார் ஒருவர்.

"அவாவுக்கென்ன... அவாட வீடு மேல்வாய்க்காலில போல" என்றார் பவளக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்காலின் முதலாவது வயல் எங்களுடையது. நான் குனிந்து மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் கடற்கரையில் நடந்து போகிறாள். படம் முடிந்தது. எங்கே போகிறாள்? போய் என்ன செய்வாள்? நான்தான் படத்தை எடுத்தவள்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் கமக்காரர் கூட்டம், வாய்க்காலில் வயல் உள்ள எல்லோருக்கும். என் கணவருக்கு வேலை, மகளோடு நான் போனேன். வழக்கம்போல ஆண்கள் முன் கதிரைகளில், நாங்கள் பின்னால். "வேற ஏதும் இருக்கோ?" என்று தலைவர் கேட்டார். அப்படிக் கேட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பவளக்கா எழும்பினார்.

"இந்த முறை தண்ணியைக் கடைசி வயலில இருந்து தொடங்குங்கோ."

"எப்பவும் மேலயிருந்துதானே அக்கா வாறது?"

"தண்ணி மேலயிருந்துதான் வரும். முறை நாங்கள் வைச்சதுதானே."

முன் வரிசையில் ஒருவர் திரும்பினார். "அக்கா நேற்றுப் படம் பாத்திட்டு வந்து கதைக்கிறா."

"ஓம் தம்பி. அதில ஒருத்தி கடைசிவரைக்கும் வாயைத் திறக்கேல்லை. பாத்துக்கொண்டிருந்த எனக்கெல்லோ விசர் வந்தது."

"சரி, மேல்வயல்காரர் களவாய் மடையைத் திறந்தால் ஆர் காவல்? நீங்களே வாய்க்கால் பிரதிநிதியா நிண்டு பாருங்கோவன்."

முன் வரிசைக்காரர் நக்கலாகத்தான் சொன்னார்.

"நிக்கிறன்" என்றார் பவளக்கா.

தலைவர் கை உயர்த்தச் சொன்னார். எங்கள் பயிர் தாங்குமா? இவரைக் கேட்காமல் உயர்த்துவது சரியா? பிறகு வீட்டில் என்ன சொல்வது? — நான் யோசித்து முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது. பின் கதிரைகள் முழுக்கக் கைகள். முன்னாலும் சில. போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் திறந்தார்கள். பவளக்கா மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு மடையாக அடைத்துக்கொண்டே போனார். முதலில் அடைத்தது எங்களுடையதை. பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது கடைசி வயலில் தண்ணீர் தளும்பியது. அவர் சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் நின்று மகனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லையடா, வர நேரமில்லை. எனக்கு வாய்க்கால் பாக்கவேணும்."

அது நல்ல படமாக இருந்திருந்தால்? நாங்கள் வடிவாக அழுது, ஆறுதலடைந்து, பேசாமல் வீட்டுக்குப் போயிருப்போம். சில மோசமான படங்களுக்கும் விருது கொடுக்கத்தான் வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் இவர் மெல்லக் கேட்டார். "அப்ப, எங்கட வயலுக்கு எப்ப தண்ணி?"

"பிரதிநிதியைக் கேளுங்கோ" என்றேன்.