மாமா வந்தால் எழுந்துவிடுவேன்

எங்கள் வீட்டில் மாமனார் உள்ளே வந்தால் மருமகள் படுத்திருக்கக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. திருவிடைமருதூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடுவேன். காய்ச்சலானாலும் அப்படித்தான்.

கொரோனா வந்து நுரையீரலில் சளி கட்டி நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கணவர் குவைத்தில் மாட்டிக்கொண்டார், விமானம் இல்லை. மாமியாரும் உயிரோடு இல்லை. மாமாவுக்கு முன்பே கொரோனா வந்து போயிருந்ததால், துணைக்கு அவரைத்தான் உள்ளே விட்டார்கள்.

விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் எண் தொண்ணூறுக்குக் கீழே நின்றது. நர்ஸ் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறதாம். மல்லாந்து கிடந்தால் இதயமும் வயிறும் அதை அமுக்கிக் காற்றை உள்ளே விடாது. ரத்தம் மட்டும் அங்கே வீணாக ஓடிக்கொண்டிருக்கும். குப்புறப் படுத்தால் அந்த இடம் திறந்து, ரத்தத்துக்குக் காற்று கிடைக்கும் என்றார். படுத்தேன். எண் ஏறியது.

அந்த நேரம் பார்த்து மாமா கஞ்சித் தூக்கோடு வந்தார். நைட்டியில், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நான் கிடந்த கிடையை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. அடித்துப்பிடித்துப் புரண்டு மல்லாந்தேன். எழுந்து உட்காரப் பார்த்தேன், கண் இருட்டியது. உயிர் போகிற நேரத்தில் நைட்டியைக் கணுக்காலுக்கு இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன், அப்பேர்ப்பட்ட மானஸ்தி. அவர் போனால் குப்புற, வந்தால் மல்லாக்க. நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, வீட்ல இவங்கள என்ன பண்ணி வச்சிருக்கீங்க? உங்களப் பாத்தாலே ஆக்ஸிஜன் எறங்குது."

வார்டே கேட்டது. அவர் தூக்கை வைத்துவிட்டு வெளியே போனார். அவர் என்னை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அதை எடுத்துச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அவமானம் என்னால் அவருக்கு வந்தது என்பதுதான் நைட்டியைவிட அதிகமாகக் கூசியது.

அடுத்த வேளை வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"டாக்டர்ட்ட கேட்டம்மா. தண்ணி ஒரு வயல்ல நிக்குது, நாத்து ஒரு வயல்ல நிக்குது, அதான் ஒன் சீக்கு. நான் திரும்ப மாட்டேன். நீ குப்புறப் படுத்துக்க."

எதிர்க்கட்டில் அம்மாள், ஏன் பெரியவரே வாத்தியார் நிற்கவைத்த மாதிரி நிற்கிறீர்கள் என்று கேட்டார். மருமகள் படுத்திருக்கிறாள் என்று சுவரைப் பார்த்தே பதில் சொன்னார். வார்டு சிரித்தது. எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் படுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எண் எவ்வளவு என்று மாமா கேட்டார். தொண்ணூற்று மூன்று என்றார் நர்ஸ். அவர் அப்போதும் திரும்பவில்லை. தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் முதுகுப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்தது.