இன்று காலை ஸ்டெல்லா அக்கா வாசிக்கவில்லை

எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் சுவிசேஷத்தைத் தினம் ஒரு பகுதியாக வாசிக்கிறோம். காலையில் ஸ்டெல்லா அக்கா சத்தமாக வாசித்துக் குரல்பதிவு அனுப்புவார். மற்றவர்கள் ஆமென் போடுவார்கள். நான் கேட்பதோடு சரி. எனக்குக் கேள்விகள் அதிகம்; வெளியில் சொல்வதில்லை.

இன்று பதிவு வரவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. அக்காவுக்கு இனிப்பு நீர் வியாதி, சர்க்கரை. ஈப்போவுக்கு வெளியே லகாட் என்ற சிற்றூரில் தனியாக இருக்கிறார். வேலைக்குப் போகாமல் ஈப்போவிலிருந்து நேராக அங்கே காரை விட்டேன்.

அக்கா வாசலில் ரம்புத்தான் மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! போன் எங்கக்கா?"

"உள்ள கெடக்கு. இன்னைக்கு வாசிக்க மாட்டேன். கோவமா இருக்கேன் லா."

"யார் மேல?"

"இயேசு மேலதான். இன்னைக்குப் பகுதியில, அத்திமரத்துல பழம் இல்லைன்னு அதைச் சபிச்சிட்டாரு. சீசனே இல்லைன்னு அங்கேயே எழுதியிருக்கு. மரம் என்ன பண்ணும்? என் ரம்புத்தான யாராச்சும் அப்படிப் பேசினா விடுவேனா?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி முதலில். கேள்வி உள்ளவள் நான் மட்டும் இல்லை என்ற நிம்மதி அதன் பின்னாலேயே வந்தது.

"குரூப்ல கேளுங்கக்கா."

"நீ கேளு, யூனிவர்சிட்டி படிச்சவதானே. நான் கேட்டா பிசாசு பிடிச்சிருச்சுன்னு வீட்டுக்கே ஜெபம் பண்ண வந்துருவாங்க லா."

நானே கேட்கிறேன் என்றதும் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாசித்துப் பதிவை அனுப்பினார். அவர் முடித்ததும், முதல் முறையாக என் குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டு குழுவுக்கு அனுப்பினேன்.

மதியம் ஆகிவிட்டது. ஒரு ஆமென்கூட வரவில்லை. பதில் வராமல் நாளைக்கு வாசிக்க மாட்டேன் என்கிறார் அக்கா.

மரத்தின் பக்கமோ ஆண்டவரின் பக்கமோ பேசத் தெரிந்தவர்கள், இதைப் படிக்கும் நீங்களாவது சொல்லுங்கள். நாளைக் காலை அக்கா வாசிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.